உனக்கு அன்று காய்ச்சல் இல்லை

சாமி,

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஊரே படிக்கும்படி எதற்கு என்று நீ கேட்பாய். பொய்யை நான் ஊரே பார்க்கத்தான் சொன்னேன். போன மாதம் என் ஆல்பத்துக்காக எடுத்த பேட்டியில், கேமராவைப் பார்த்து, இரண்டே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன். திருத்துவதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் அது திருத்தமாகாது. பேட்டி எடுத்த பெண்ணிடமே இதையும் போடச் சொல்லியிருக்கிறேன். "எதுக்கு சார், ஆல்பம் இப்பத்தான் நாலு பேர் காதுக்குப் போய்ச் சேருது" என்றாள். எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. எத்தனை பேர் காதுக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற தெம்பு இப்போது இல்லை. போடு அம்மா என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ அவளிடம் போனில் சொன்னதை அப்போதுதான் என்னிடம் சொன்னாள். வடக்கே நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கு உனக்குக் கிடைத்திருக்கும் இடத்தை வேண்டாம் என்று எழுதப் போகிறாயாம். கம்ப்யூட்டர் வேலைக்கும் போய்க்கொண்டு, விடிகாலையில் எழுந்து நான்கு வருடம் படித்து நீ வாங்கிய இடம் அது. மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். "கொழந்தை வரப்போகுதும்மா, இனி எனக்கெதுக்கு இதெல்லாம்? அப்பா எனக்காக அவ்வளவு பெரிய பாட்டையே விட்டாரு. நான் இத விடக்கூடாதா?" என்று கேட்டாயாம். அதைச் சொல்லிவிட்டு உன் அம்மா காயை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். எதை என்று கேட்டேன். எதை என்பது எனக்குத் தெரியாததில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் குழுவுக்கு வெள்ளைக்கல் என்று பெயர். சேலத்தில் சுரங்கம் வெட்டி எடுக்கிற கல்லின் பெயரையே எங்கள் ராக் குழுவுக்கு வைத்தோம். மூன்று பேர்தான். நான் கிடார், பாட்டு. நாமக்கல் ஜெயபால் டிரம்ஸ். மோகன் பேஸ் கிடார். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். தமிழில் ராக் பாடினால் யார் கேட்பார்கள் என்று சிரித்தவர்களே பிறகு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்று ஆடினார்கள். எட்டுப் பாட்டுடன் ஒரு கேசட் போட்டோம். கடையில் விற்றதைவிட ஹாஸ்டல் அறைகளில் நகல் எடுத்துக் கேட்டவர்கள்தான் அதிகம். நகலின் நகலில் என் குரல் மெலிந்து, வேறு யாரோ பாடுவது போலக் கேட்கும். அதையும் மனப்பாடமாகப் பாடினார்கள். உன் அம்மா அப்போது அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்குக் கல்யாணம் ஆகி சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். நான் நிகழ்ச்சி இருக்கும்போது போவேன், இல்லாதபோது ஒரு கடையில் ரேடியோ, டேப் பழுது பார்ப்பேன். ஒரு நாளும் அவள் போகாதீர்கள் என்று சொன்னதில்லை. இதை அடிக்கோடிட்டு வாசி.

இரண்டாவது கேசட்டுக்குச் சென்னையில் ஸ்டூடியோ பேசினோம். மூன்று நாள். ஆறு பாட்டு தயாராக இருக்கிறது என்று நான் இருவரிடமும் சொல்லியிருந்தேன். ஒன்றரைப் பாட்டுதான் இருந்தது. முதல் கேசட்டுக்கு வரிகளும் மெட்டும் தானாக வந்து விழுந்தன. அதனால் எப்படி வருகிறது என்று நான் கவனிக்கவே இல்லை. நின்றபோது எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்தால் மூடி வைத்து, நிறைய எழுதியவன் போல முகத்தை வைத்துக்கொள்வேன். ஜெயபாலும் மோகனும் முதல் நாளே சென்னைக்குப் போய்விட்டார்கள். நான் மறுநாள் மதிய ரயிலில் போக வேண்டும். உன் அம்மா பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நாலு சட்டையும் தொண்டைக்குக் கஷாயப் பொடியும் எடுத்து வைத்தாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். "நல்லாப் பாடிட்டு வாங்க. இங்க நான் பாத்துக்கறனுங்க" என்றாள். உனக்கு அப்போது எட்டு மாதம்.

ஜங்ஷனில் ரயில் வந்தது, நின்றது, போனது. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. கால் மரத்துப் போகவில்லை. எழுந்து ஏறவில்லை, அவ்வளவுதான். டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்து, தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். ஜெயபால்தான் எடுத்தான். பையனுக்குக் கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றேன். யோசித்து வைத்திருந்த பொய் இல்லை அது. வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. பக்கத்திலிருந்த மோகனிடம் அவன் அதைச் சொல்வது கேட்டது. பிறகு, "நீ பாட்டப் பத்தி நினைக்காதடா. பையன மட்டும் பாரு. நாங்க இங்கயே இருக்கறோம்" என்றான். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ஸ்டூடியோவை ரத்து செய்துவிட்டார்கள் என்றேன். நீ தரையில் தவழ்ந்து வந்து என் செருப்பின் வாரைப் பிடித்து இழுத்தாய். உன் உடம்பில் துளிச் சூடு இல்லை.

மூன்று நாள் அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு வந்த கடிதங்களை நான் பிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்செங்கோட்டுக்குக் குடிபோனோம். என் தாய்மாமன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தார். அதில் மேனேஜராகச் சேர்ந்து, போர் போடுகிற ஆட்களோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்விட்டேன். வருடத்தில் எட்டு மாதம் வெளியூர். உனக்கே நினைவிருக்கும், நான் வந்து இறங்கினால் இரண்டு நாள் யாரோ விருந்தாளி வந்தது போல என்னைப் பார்ப்பாய். நீ பேசத் தொடங்கியது எனக்குத் தெரியாது. உனக்கு அம்மை போட்டது ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். நீ சைக்கிளில் விழுந்து கை ஒடிந்தபோது தனியாக உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் உன் அம்மா. குடும்பத்துக்காகப் பாட்டை விட்டேன் என்று சொல்லிக்கொண்ட மனிதன் குடும்பத்தோடு இருக்கவே இல்லை. இதை நீ எப்போதாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாயோ என்னவோ. உன் அம்மா கணக்கு டீச்சர், அவள் போட்டிருப்பாள்.

குடும்பத்துக்காக என்கிற பேச்சை நான் எப்போது தொடங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. முதலில் சொந்தக்காரர்கள் கேட்டதற்குச் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்தது போல ஆகிவிட்டது. நீ பிளஸ் டூ முடித்த வருடம், நிலவியல் படிக்கிறேன் என்று நின்றாய். நான் கொண்டு போயிருந்த வண்டிகள் ஆயிரம் அடி இறங்கியும் தூசி மட்டும் கக்கிய ஊர்களைப் பற்றி நான் சொன்ன கதைகள்தான் உனக்குள் அந்த ஆசையைப் போட்டன என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர்தான் என்று கத்தினேன். நீ மறுத்தாய். அப்போது சொன்னேன்: "உன்னாலதான்டா நான் எல்லாத்தையும் விட்டேன். நீ இத ஒண்ணு செய்ய மாட்டியா?" உன் முகம் அப்படியே அடங்கியது. மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் மேசை மேல் இருந்தது. சமையலறையில் நின்று உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ரிக் சத்தத்தில் இடது காது போனபின் வேலையை விட்டுவிட்டு மறுபடி சேலத்துக்கே வந்தோம். வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கிடார் கீழே வந்தது. கம்பியெல்லாம் துரு. புதுக் கம்பி போட்டு, நேரம் போகாமல் தட்டிக்கொண்டிருந்தேன். எந்த முயற்சியும் இல்லாத ஒரு நாளில் ஒரு வரி வந்தது. தண்ணீர் வராத போர் குழிக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பற்றி. பிறகு இன்னொன்று. ஒரு வருடத்தில் ஒன்பது பாட்டு. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இவ்வளவுதானா, இதற்காகவா அப்படி ஓடினேன் என்று அலுப்பாக இருந்தது. உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டிரம்ஸ் இல்லாம இது நிக்காதுங்க. ஜெயபால் அண்ணனப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

அவன் மஸ்கட்டில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து நாமக்கல்லுக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்தான். விசாரித்துக்கொண்டு போய் நின்றேன். தலை முழுக்க நரைத்து, லுங்கியும் பனியனுமாக முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் கண்டதும் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தான். எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று எதையும் கேட்கவில்லை. "பையன்?" என்றான். எனக்குப் புரியவில்லை. "உன்ற பையன்டா. இருக்கறானா?" என்றான். நன்றாக இருக்கிறான், கோயமுத்தூரில் வேலை, கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். அவன் பக்கத்திலிருந்த தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். "ஊட்டுக்கு வந்து பாத்தன்டா. பூட்டிக் கெடந்துச்சு. காலி பண்ணிட்டாங்கன்னு பக்கத்தூட்டுல சொன்னாங்க. பையன் போயிட்டான் போலன்னு நினைச்சுட்டேன். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உன்னத் தேடறது?" என்றான். இருபத்தெட்டு வருடம் அவன் உனக்காகத் துக்கம் காத்திருக்கிறான், சாமி. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "சரியாயிருச்சுடா" என்று சொன்னேன். மறுபடியும் சொன்னேன்.

அவனுடைய தீவன குடோனில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டித்தான் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தோம். சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிற அவன் மகள் நித்யா லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். முட்டை அட்டையால் ஒரு பயனும் இல்லை என்று சிரித்துவிட்டுப் பழைய மெத்தைகளைக் கொண்டுவரச் சொன்னாள். காலையில் கோழிகள் முட்டை போட்டுவிட்டுக் கத்துகிற கத்தலில் ஒன்றும் செய்ய முடியாது. மதியத்துக்கு மேல்தான் வேலை. நாலு கட்டைச் சுருதியில் பாடியவன் இரண்டரைக் கட்டைக்கு இறங்கினேன். அதிலும் மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. அப்படியே இருக்கட்டும் என்றாள் நித்யா. ஜெயபாலுக்கு முழங்கால் வலி. ஒரு பாட்டு முடிந்ததும் கால் மணி நேரம் காலை நீட்டி வைத்துக்கொள்வான். மோகன் ஐந்து வருடத்துக்கு முன் போய்விட்டான். அவன் இடத்தில் நித்யாவே பேஸ் வாசித்தாள். மோகனிடம் நான் எதையும் சொல்ல இனி வழியில்லை. பதிவு முடிந்த அன்று ஜெயபால், "பையனுக்குக் கேக்கக் குடு மொதல்ல. அவனுக்குத்தான் இதுல மொத உரிமை" என்றான். உனக்கு நான் பாட்டுகளை அனுப்பியபோது, ஜெயபால் அனுப்பச் சொன்னான் என்று மட்டும் எழுதியது இதனால்தான்.

பிறகு அந்தப் பேட்டி. ஏன் சார் இவ்வளவு நாள் காணாமல் போனீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். உன் அம்மா டீ கொண்டுவந்துகொண்டிருந்தாள். "கொழந்தை பொறந்துச்சு. குடும்பத்துக்காக விட்டேன். அதுல வருத்தம் இல்ல" என்றேன். உன் அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவள் அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. ஒன்பது பாட்டை விட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அதிகம் பேர் பகிர்ந்துகொண்டார்களாம். அப்பா என்றால் இவர்தான் அப்பா என்று எழுதியிருந்தார்கள். நான் அதையெல்லாம் வாசித்தேன். ஒன்றையும் மறுத்து எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவரைக்காயைத் தள்ளி வைத்துவிட்டு உன் அம்மா பேசினாள். "அன்னிக்கு நீங்க போன் பண்ணுன மறுநாள், பூத் வெச்சிருந்த அண்ணன் என்னப் பாத்து, கொழந்தைக்கு ஆஸ்பத்திரியில எப்புடிங்க இருக்குன்னு கேட்டாரு. கொழந்தை என்ற இடுப்புல சிரிச்சுட்டு இருந்தான். அவரு கொழந்தையப் பாக்கறாரு, என்னப் பாக்கறாரு. தேவலைங்கண்ணான்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். அன்றே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. ஒரு வாரம் பாத்தேன். ஒரு வருசம் பாத்தேன். உங்கக்கா இன்னைக்கும், பாடறவனப் புடிச்சுக் கட்டிப்போட்டவ நீதான்னு என்ற மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. நான் வாயத் தொறந்தனா? அது என்னோட போகட்டும்னு விட்டுட்டேன். இப்ப அது என்ற பையன் மேலயும் ஏறுது. அவன் கொழந்தை மேலயும் ஏறப்போகுது. அதுக்கு நான் உட மாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. முப்பது வருடம் வகுப்பில் பேசிய குரல் அது.

திங்கட்கிழமை பஸ் ஏறி நாமக்கல்லுக்குப் போனேன். ஜெயபால் கூண்டுகளுக்கு நடுவே நடந்து முட்டை எடுத்துக்கொண்டிருந்தான். கூடவே நடந்துகொண்டு சொன்னேன். அன்று காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, என்னிடம் பாட்டு இல்லை, பயந்துவிட்டேன் என்றேன். அவன் அந்த வரிசை முடியும்வரை நிற்காமல் எடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ற கல்யாண போட்டோவப் பாத்திருக்கறியா?" என்றான். இல்லை என்றேன். "மொட்டைத் தலையோட நிக்கறேன். பொண்ணு ஊட்டுல எல்லாம் சண்டைக்கு வந்தாங்க. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கறப்ப யாராச்சும் மொட்டை போடுவாங்களான்னு. உன்ற பையன் பொழைக்கோணும்னு வேண்டிட்டுப் போட்டேன்டா அத." நான் அங்கேயே நின்றேன். கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. பாட்டு இல்லை என்று சொல்லியிருந்தால் மூவரும் உட்கார்ந்து எழுதியிருக்கலாமே, அதற்குத்தானே மூன்று பேர் என்றான். அடுத்த வாரம் சேலத்தில் நடக்கிற எங்கள் நிகழ்ச்சிக்கு வந்து வாசிப்பானாம். அதற்கப்புறம் கொஞ்ச நாள் தன்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பஸ் ஏற்றிவிட வரவில்லை.

உனக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கே கேள்வி. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ வடக்கே போ என்றோ, போகாதே என்றோ நான் சொல்லவில்லை. போகாமலிருக்க நல்ல காரணங்கள் இருக்கலாம். பிரசவ நேரத்தில் மருமகள் பக்கத்தில் இருக்க விரும்பலாம். தூரம் பிடிக்காமல் இருக்கலாம். படிப்பில் தேறுவோமா என்று பயமாக இருக்கலாம். பயம் என்றால் பயம் என்று மருமகளிடம் சொல். சொல்லிவிட்டால் அதற்கு ஒரு வழி கிடைக்கும். என் நண்பன் எனக்குக் கொடுக்கத் தயாராக இருந்ததும் அதுதான். இன்னும் முகம்கூடத் தெரியாத ஒரு குழந்தையின் தலையில் மட்டும் அதை ஏற்றாதே. ஏற்றினால் ஒரு நாள் அதனிடம் கேட்பாய். கேட்க மாட்டேன் என்று இப்போது நினைப்பாய். நானும் கேட்பேன் என்று நினைத்ததில்லை. அந்த விண்ணப்பத்தில் நீ கையெழுத்துப் போட்டாயே, அன்று நீ எனக்குக் கொடுத்தது உன்னுடைய பத்துப் பன்னிரண்டு வருடம். நீ எனக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை. அன்றும் இருக்கவில்லை.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. நிகழ்ச்சிக்கு நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இதைப் படித்துவிட்டு என்னிடம் பேச மனம் வராவிட்டால் அதுவும் நியாயம்தான். உன் அம்மாவுக்கு மட்டும் போன் செய். அவளால்தான் நான் பாட்டை விட்டேன் என்று நீயும் நம்பியிருப்பாய், அதனால் நாம் இருவருமே கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பு அவளுக்குப் பாக்கி இருக்கிறது. என்னுடையதை நான் நேற்றுக் கேட்டேன்.

முழுவதையும் எழுதி முடித்து அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்பு மை பேனாவை எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். நாலைந்து எழுத்துப் பிழையைத் திருத்தினாள். நேற்றுக் கேட்டேன் என்ற வரிக்கு அடுத்து, அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் நின்றாள். "நான் எப்பங்க சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு அதன் மேல் ஒரு கோடு போட்டாள். ஓரத்தில், 'இன்னும் இல்லை' என்று எழுதி என்னிடம் நீட்டினாள்.

அவள் திருத்தியபடியே அனுப்புகிறேன்.

அப்பா